பச்சை பீரும் ரதியின் புலம்பலும்

மார்ச் பதினேழு, காலை ஐந்தே முக்கால். போர்ட் பிளேரில் நான் குடியிருக்கும் டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து படகுத்துறைக்கு ஆட்டோவில் நூறு ரூபாய். தோள்பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, கூடவே நான்கு சின்னப் பாட்டில்களில் பச்சைக் கலர். லட்டுக்கும் கேசரிக்கும் போடுகிற கலர் வகைதான். ஹேவ்லாக் தீவுக் கடைகளில் சிவப்பும் மஞ்சளும்தான் இருக்கின்றன, பச்சை இல்லை என்று மகேசு போன் செய்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். பீரில் ஊற்ற என்றாள்.

மகேஸ்வரி என் சித்தப்பா மகள். ஹேவ்லாக்கில் ஐந்தாம் நம்பர் கடற்கரை ஓரம் அவளும் அவள் கணவர் தபனும் எட்டுக் குடில்கள் போட்டு ஒரு விடுதி நடத்துகிறார்கள். தபன் வங்காளி. பிரெண்டன் என்கிற ஆஸ்திரேலியக்காரர் மூன்று வருடமாக மார்ச் மாதத்தில் அங்கே வந்து தங்குகிறார். பூர்வீகம் அயர்லாந்து. இந்த முறை தங்கள் நாட்டுப் புனிதரின் திருநாளை அங்கேயே கொண்டாடுவது என்று முடிவு செய்துவிட்டார். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அயர்லாந்துக்காரர்கள் அன்று பச்சை உடுத்தி, குடித்து, பாடுவார்களாம். எனக்கு இரண்டு நாள் லீவு இருந்தது. வேடிக்கை பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

ஆறு இருபதுக்கு அரசாங்கப் படகு புறப்பட்டது. இரண்டரை மணி நேரப் பயணம். பக்கத்து இருக்கையில் ஹேவ்லாக் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர். ராமநாதபுரத்துக்காரர். பெருநாளுக்கு ஊருக்குப் போவது பற்றி ஆசையாகப் பேசிக்கொண்டே வந்தவர், உங்களுக்கு மெயின்லேண்டில் எந்த ஊர் என்று கேட்டார்.

திருநெல்வேலி என்றேன். டவுனா, பக்கத்துக் கிராமமா என்றார். பக்கம்தான் என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தேன்.

திருநெல்வேலியில் நான் ஒரே ஒரு முறை, ரயில் நின்ற பத்து நிமிடத்தில், டீ குடித்திருக்கிறேன். என் அப்பா இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி அங்கிருந்து அனுப்பப்பட்டு, கப்பலேறி, நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்ட வந்தவர். நான் கச்சாலில், தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டில் பிறந்தேன். பள்ளிக்கூடத்துக்காகப் போர்ட் பிளேருக்கு வந்தபோது, விடுதியில் எல்லாரும் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். நானும் ஒன்று சொன்னேன். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒன்பது மணிக்கு ஹேவ்லாக். துறையிலிருந்து ஐந்தாம் நம்பருக்கு ஐந்து கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். ஆட்டோக்காரருக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ‘ஹரா பார்ட்டி’யா, பச்சைப் பார்ட்டியா என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார்.

மாலை நான்கு மணி. அந்தமானில் ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடும் என்பதால் சீக்கிரமே ஆரம்பித்தார்கள். தென்னைகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து பேர். பிரெண்டன் ஆறடி உயரம், அறுபது வயது, பஜாரில் வாங்கிய பச்சைக் கைலி. அது இடுப்பில் நிற்காததால் மேலே பெல்ட் போட்டிருந்தார். கையில் வயலின். அவர் மனைவி மோரா சல்லடை மாதிரி ஒரு வட்டத் தோல் வாத்தியத்தைச் சின்னக் கட்டையால் தட்டினார். தபன் கலரை அளவில்லாமல் ஊற்றிவிட்டார். இரண்டாவது கிளாஸ் முடிவதற்குள் அத்தனை பேருக்கும் பல்லும் நாக்கும் பச்சை. ஒருவரை ஒருவர் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

நான் எதிர்பார்த்த சிரிப்பு எனக்கு வரவில்லை.

பிரெண்டன் ஒரு பாட்டுப் பாடினார். ஊரை விட்டுக் கப்பலேறிப் போகிறவன், கரையில் நிற்கும் பெண்ணிடம் விடைபெறுகிறான். பாடும்போது அவர் கண் கலங்கியது. முடிந்ததும் நான் போய், நீங்கள் அயர்லாந்திலிருந்து எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். அங்கே போனதே இல்லையே என்றார். அவருடைய தாத்தாவின் தாத்தா உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கிளம்பியவராம். ஆனால் அந்த ஊரின் பெயரை, அங்கே ஓடும் ஆற்றின் பெயரை, அடுத்த தெருவைச் சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை, பொறாமைதான். நான்கு தலைமுறைக்கு முன்னால் பசியோடு ஓடிவந்ததை ஒரு மனிதர் வயலினில் வாசிக்கிறார், சுற்றியிருப்பவர்கள் கை தட்டுகிறார்கள். என் அப்பா வந்த கப்பலைப் பற்றி நான் என் மகளுக்குக்கூடச் சொன்னதில்லை.

பிறகு பிரெண்டன் ஒரு விளையாட்டு வைத்தார். ஒவ்வொருவரும் தங்கள் முன்னோர் ஊரைச் சொல்லி, அந்த ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும். தபன் படகுக்காரர் பாட்டுப் பாடினார். ஒரு பிரெஞ்சுப் பெண் கண்ணை மூடிக்கொண்டு தாலாட்டு பாடினாள். என் முறை வந்தது. திருநெல்வேலி, பாட்டு எதுவும் தெரியாது என்றேன்.

வறுத்த மீன் தட்டோடு வந்த மகேசு நின்றாள்.

“அண்ணே, இங்கயுமா பொய் சொல்றீங்க?”

தமிழில்தான் கேட்டாள், யாருக்கும் புரிந்திருக்காது. ஆனால் தட்டை வைத்துவிட்டு, இந்தியும் ஆங்கிலமும் கலந்து அவளே எல்லாருக்கும் சொன்னாள். எங்கள் ஆட்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். பிறகு கச்சாலில் ரப்பர். இவருடைய அப்பா காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவார்.

அவள் சொன்னது நிஜம். தோட்டத்து ஜனங்கள் மாசி, பங்குனியில் ஆடும் கூத்து அது. சிவன் காமனை எரித்துவிட, அவன் மனைவி ரதி புலம்புவாள். கச்சாலுக்கும் அதைக் கொண்டுவந்திருந்தார்கள். பதினான்கு வயதில் பள்ளி விடுதியிலிருந்து லீவுக்குப் போன நான், என் அப்பா சேலை கட்டி, கண்ணுக்கு மை தீட்டி, சாராய வாடையோடு தப்பு அடிக்கு நடுவே அழுது பாடுவதைப் பார்த்தேன். ஜனங்களும் சேர்ந்து அழுதார்கள். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு பங்குனியில் ஊருக்கே போகவில்லை.

மகேசு மணலில் உட்கார்ந்து ரதியின் புலம்பலைப் பாடினாள். மோரா தட்டிப் பார்த்தார், அடி சேரவில்லை, நிறுத்தினார். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டார். பிரெண்டன் வயலினை எடுக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வரி முடியும் இடத்தில் மூச்சைப் பிடித்து, உடைந்த குரலில் இறக்கும் விதம் அப்பாவுடையது. அந்த நிமிடத்தில் அயர்லாந்துக்காரர் மேல் இருந்த பொறாமை மொத்தமும் மகேசு பக்கம் திரும்பியது. அது என் அப்பாவின் குரல். அவள் வாயில் இருக்கிறது, என் வாயில் இல்லை.

பாட்டு முடிந்ததும் பிரெண்டன் என்னிடம் வந்து, தன் பாட்டுகள் எல்லாம் கடையில் வாங்கிய இசைத்தட்டுகளிலிருந்து கற்றவை என்றார். வீட்டில் யாரும் பாடியதில்லையாம். உங்களுக்கு வீட்டிலேயே இருந்திருக்கிறது, அதிர்ஷ்டக்காரர் நீங்கள் என்றார். பச்சைப் பல்லோடு அவர் அதைச் சொன்னபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி. மகேசு சமையலறையில் கிளாஸ்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கலர் லேசில் போகவில்லை. அப்பா உனக்கு எப்போது சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டேன்.

“சுனாமிக்கு அப்புறம், கேம்ப்ல இருக்கப்ப. பெரியப்பாவுக்குத் தூக்கம் வராது. எனக்கும் வராது.”

“எனக்கு ஏன் சொல்லல?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். “‘அவன் என்னைக்காச்சும் கேப்பான், அப்ப நீ சொல்லிக் குடு’ன்னாங்க. நீங்க கேக்கவே இல்லையேண்ணே.”

அப்பா போய் ஆறு வருடமாகிறது. நான் மிச்சக் கிளாஸ்களை எடுத்துக் கழுவினேன்.

ஒன்பது மணிப் படகு. துறையில் பச்சைப் பல்லோடு நான்கைந்து பேர் வரிசையில் நின்றோம். டிக்கெட் பார்த்தவர் ஒரு மாதிரி பார்த்தார். டெய்ரி ஃபார்மில் எங்கள் மாடியில் ஆறு குடும்பம். தெலுங்கு, மலையாளம், வங்காளம், ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசிகள் என்று எல்லா வீட்டுக்கும் ஒரு பண்டிகை உண்டு, அன்று கதவு திறந்திருக்கும், பலகாரம் வரும். எங்கள் வீட்டிலிருந்து தீபாவளிக்கு மட்டும் போகும். பங்குனியில் எதுவும் போனதில்லை.

படகு நகர்ந்ததும் மேல்தளத்துக்குப் போய் மகேசுக்குப் போன் செய்தேன். முதல் வரியைச் சொல்லு என்றேன். சொன்னாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர்க்காற்றில், பக்கத்தில் பெட்டி வைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்க்க, பாடினேன். தப்பு என்றாள். மறுபடி பாடினேன். இன்னும் தப்பு என்றாள். சிக்னல் போகும்வரை பாடினேன்.