அக்காவின் ஏழு நாள் லீவு

எங்கே போனாலும் எனக்குப் பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று வேண்டும். ரொறன்ரோவில், ரூஜில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பக்கத்து ஊரான அஜக்ஸுக்கு ஒரு பிறந்தநாள் சாப்பாட்டுக்குப் போவதென்றாலும், வழியில் என்ன இருக்கிறது என்று தேடிவிட்டுத்தான் காரில் ஏறுவேன். கணவர் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். அதை இங்கே எழுத முடியாது.

போன கோடையில் பிரான்சின் தென்மேற்கில் ஒரு கிராமத்து வீட்டை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்தோம். குகை, ஆறு, சந்தை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாலும், உண்மையான காரணம் அக்காதான். அக்கா பாரிஸில் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்கிறாள், இருபத்திரண்டு வருடமாக. நாங்கள் போன மூன்று முறையும் விடியவே எழும்பி வேலைக்குப் போனாள், பின்னேரம் வந்து எங்களுக்குச் சமைத்தாள், கதைத்துக்கொண்டிருக்கும்போதே கதிரையில் நித்திரையானாள். லீவு எடுப்பாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மேற்பார்வை பார்க்கிற பெண் ஃபோன் எடுத்து, யாரோ வரவில்லை என்பாள். அக்கா ஓம் என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைத் தேடுவாள். இந்த முறை ஏழு நாளும் அவள் எங்களோடு இருக்க வேண்டும், இத்தனை வருடம் வாழ்ந்த நாட்டை ஒருதடவையாவது பார்க்க வேண்டும். அதில் நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

வீடு கல்லால் கட்டியது. நான்கு படுக்கையறைகள், ஜன்னல்களுக்கு வெளியே நீலநிற மரக்கதவுகள், பின்பக்கம் வால்நட் மரங்கள். தேவாலய மணி ஒவ்வொரு மணித்தியாலத்தையும் இரண்டு தடவை அடித்தது. ஏழு மணிக்கு ஏழு, இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு ஏழு. முதல்தரம் எண்ணத் தவறியவர்களுக்காகவாம், வீட்டுக்கார அம்மா சொன்னார். ஊரில் பேக்கரி இல்லை. சந்தியில் ஓர் இயந்திரம் நின்றது, காசு போட்டால் நீளமான பாண் ஒன்று வந்து விழும். அது விழுவதைப் பார்ப்பதற்காகவே என் கணவர் முதல் நாளே நான்கு பாண் வாங்கிவந்தார்.

சமையலறை மேசையில் வீட்டுக்கார அம்மா ஒரு கோப்பு வைத்திருந்தார். பார்க்க என்ன உண்டு, செய்ய என்ன உண்டு என்று பக்கம் பக்கமாகக் கையால் எழுதியிருந்தது. எனக்கென்றே எழுதியதுபோல இருந்தது. மகள் ரொறன்ரோவில் ஃப்ரெஞ்சில் நடக்கும் பள்ளிக்கூடத்தில் படிப்பவள், அவள்தான் வாசித்துச் சொன்னாள். பின்னேரம் ஐந்து மணிக்கு ஆட்டுப் பண்ணையில் பால் கறப்பதைப் பார்க்கலாம். ஆதிமனிதர்கள் காட்டெருது வரைந்த குகைக்குப் போகலாம். புதன்கிழமை சந்தை. ஆற்றில் சிறு தோணி ஓட்டலாம். அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்கள் கூடித் துணி தோய்த்த கல்தொட்டி ஒன்றும் இருந்தது.

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் வீட்டில நிக்கிறன்" என்றாள் அக்கா.

முதல் நாள் களைப்பு என்று விட்டேன். இரண்டாம் நாள் ஆட்டுப் பண்ணைக்கும் அதே பதில். மூன்றாம் நாள் சந்தைக்கும் அதே பதில். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் கோபத்தைவிட, நாங்கள் போன பிறகு தனியாக இருந்து என்னதான் செய்கிறாள் என்ற கேள்வி பெரிதாகக் குடைந்தது. துடைத்துக் கழுவுகிறாளோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். திரும்பி வந்து பார்த்தால் காலையில் குடித்த தேத்தண்ணிக் கோப்பைகள் தொட்டியில் அப்படியே கிடந்தன. தொலைக்காட்சியின் கம்பிகூடச் சொருகியிருக்கவில்லை. சந்தையில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி விற்ற ஆள் இது மூன்று நாள் பழையது, இது மூன்று மாதம் பழையது என்று ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோதும், என் மனம் அந்த வீட்டைச் சுற்றித்தான் ஓடியது.

நான்காம் நாள் தோணி. மூவரும் ரப்பர்ச் செருப்போடு போய் இறங்கினோம். தோணிக்காரன் எங்கள் கால்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான். கழலாத சப்பாத்து இல்லாவிட்டால் தோணி இல்லையாம். சப்பாத்து எடுக்க வீட்டுக்குத் திரும்பினோம். மற்ற இருவரும் காரில் இருக்க, நான் மட்டும் மாடிக்கு ஏறினேன்.

மகளின் கட்டிலில் அக்கா மல்லாந்து கிடந்தாள். இரண்டு கையையும் விரித்து, கண்ணைத் திறந்தபடி. என்னைக் கண்டதும் துள்ளி எழும்பினாள். அடுத்த கணமே விரிப்பை இழுத்து மூலையை மடிக்கத் தொடங்கிவிட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அக்கா, நான்தான்" என்றேன்.

"அவ வந்திட்டா எண்டு நினைச்சிட்டன்."

அந்த மேற்பார்வைப் பெண்ணைத்தான் சொல்கிறாள் என்று விளங்கியது. விரிப்பின் மூலையை விட்டுவிட்டுச் சொன்னாள். "ஒரு நாளைக்குப் பதினாறு அறையடி. கட்டிலில இருக்கப்படாது. ஜன்னலால பாத்துக்கொண்டு நிக்கப்படாது. இவ்வளவு வருசமா மற்ற ஆக்கள் படுக்கிறதுக்கு விரிச்சிருக்கிறன். படுத்தா எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாது. உங்கட கட்டில் சரியில்லை, நடுவில பள்ளம். இதுதான் நல்லது. இதில படுத்தா அந்த மரம் முழுக்கத் தெரியுது."

மூன்று நாளாக அவள் அந்த வீட்டின் கட்டில்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்த்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. இவள் வெளிக்கிடவில்லையே என்று மூன்று நாளும் முகத்தைத் தூக்கிவைத்திருந்ததை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. கீழே போய், தோணி வேண்டாம் என்று சொன்னேன். கணவர் காரணம் கேட்காமல் எஞ்சினை நிறுத்தினார். அன்றிலிருந்து மகள் தன் அறையை அக்காவுக்கு விட்டுவிட்டு அவளுடைய அறைக்கு மாறிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் நான் அக்காவின் கால்மாட்டில் இருந்தேன். அவள் படுத்திருந்தாள், மகள் தரையில் இருந்து, சந்தையில் வாங்கிய வால்நட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஃபோன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் அக்கா எழும்பி இருந்தாள். "வ்வி, வ்வி" என்று ஃப்ரெஞ்சில் ஓம் போட்டாள். கண்கள் சப்பாத்தைத் தேடின. அவள் கையிலிருந்து ஃபோனைப் பறிக்கலாமா என்றுகூட நினைத்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மூன்று நான்கு வார்த்தை சொன்னாள். அந்தப் பக்கத்துக் குரல் ஃபோனுக்கு வெளியே கேட்க ஏதோ சொன்னது. ஃபோன் நின்றது.

"என்னவாம்?" என்று மகளைக் கேட்டேன்.

"ஒரு ஆள் சிக்காம், பெரியம்மாவை நாளைக்கு வரட்டாம். பெரியம்மா நோ எண்டிட்டா. ஐ ஆம் ஆன் ஹொலிடே எண்டவ."

"அதுக்கு மேற்பார்வைக்காரி ஏசினவவோ?"

"இல்லையே. ஓகே, என்ஜோய் எண்டு சொல்லி வைச்சிட்டா."

அக்கா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"சரி எண்டிட்டாளடி" என்றாள். "இவ்வளவு லேசா? இருபத்திரண்டு வருசத்தில நான் ஒருக்காக்கூட ஏலாது எண்டு சொல்லிப் பாக்கேல்லையே."