கல் செடிக்குத் தண்ணீர்

லாரியை நிறுத்தியதும் அப்பா குழாயைக் கழற்றி, தொட்டியின் அடியில் தங்கிய தண்ணீரை முருங்கைக்கு, தெருநாயின் சட்டிக்கு, எதிர்வீட்டுக் குடத்துக்கு என்று பிரித்துவிடுகிறார். பெயர் ஏசுபாதம். கோவளம் பக்கத்து விடுதிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். விடுதிப் புல்தரையில் நீர் பாயும்போது, "குடிடா, நல்லா குடி" என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் "வாங்க" என்பதற்கு முன்பே சொம்பு நீளும். தபால்காரரும் குடித்துவிட்டுத்தான் போக முடியும்.

சன்னலோரத் தொட்டியில் அம்மா வளர்த்த கல் செடிகள். பார்த்தால் கூழாங்கற்கள், நடுவில் ஒரு பிளவு. தடித்த இலைகளே நீரைச் சேமித்துக்கொள்ளும். எப்போதாவது நனைத்தால் போதும், மிஞ்சினால் அழுகிவிடும். அம்மா இறந்ததிலிருந்து அப்பா தினமும் ஊற்றுகிறார்.

எதிர்வீட்டு ஆதியம்மாள் வாசலிலிருந்தே கேட்பாள். "இன்னா அண்ணாத்த, கல்லுக்கு தண்ணி காட்டிகினு கீற? ஜல்லி மொளைக்குமா?"

"உன் தலையில ஊத்தினா மட்டும் இன்னா மொளைக்கப்போவுது ஆதி?"

நான் செங்கல்பட்டில் டயாலிசிஸ் டெக்னீஷியன். அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்த பிறகு, அவள் குடிக்க வேண்டிய தண்ணீரைத் தினமும் நான்தான் அளந்து வைத்தேன். அளவு சரி. கூடியிருந்தால் நுரையீரலில் சேர்ந்திருக்கும். அளந்து வைத்தது தீர்ந்ததும் அம்மா இன்னும் கேட்பாள். அப்பா எழுந்து போய் லாரிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார்.

செடிகள் ஒவ்வொன்றாகக் கூழாயின.

"ஊத்தாதப்பா. செத்துடும்."

"அவளுக்கும் இதாம்மா சொன்ன." குரலில் கோபமில்லை. "ஊத்தல. பொழைச்சாளா?"

அன்றும் ஊற்றினார்.

கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதன் மேற்பக்கமும் சுருங்கத் தொடங்கியிருந்ததால், அழுகிவிட்டது என்றே நினைத்தேன். நேற்று மத்தியானம் பிளவிலிருந்து ஒரு மஞ்சள் பூ விரிந்திருந்தது, கல்லைவிட அகலமாக.

அப்பா சொம்போடு வந்தார். "ஷாரோனு, பாரும்மா, பூத்துகீது. இம்மாம் பெரிய பூவ வச்சிகினு எவ்ளோ தாகமா இருக்கும்?"

"வேணாம்பா. இது ஒண்ணுதான் கீது."

சொம்பைக் கீழே வைத்தார். பிறகு இடக்கையால் தன் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, பூவின் முன்னால் உட்கார்ந்தார்.