பாரத்தின் கீழே ஆள் நிற்க விடாத அண்ணன்

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். என்னை எழுதச் சொன்னபோது அண்ணி, "நல்லதா எழுதுங்க செல்வி, சண்டையெல்லாம் வேணாம்" என்றார். நல்லதாகத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அண்ணனின் நல்லதில் பாதியை நான் சண்டை போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாருடைய மலராகவோ ஆகிவிடும். அண்ணி மன்னிக்க வேண்டும்.

றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராக அண்ணன் பிறந்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் மலையில். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு அண்ணன் கொழும்புக்குப் பஸ் ஏறினார். கணிதத்தில் பிரமாதமான பெறுபேறு வந்தது. அது வந்த நாளில் அவர் ஏதோ ஒரு மாடியில் சீமெந்து சுமந்துகொண்டிருந்தார். "படிச்சிருந்தா எஞ்சினியராயிருப்பேன்" என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, நாங்கள்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்தோம். நான் ஆசிரியையானது உட்பட எங்கள் நால்வரின் படிப்பும் அவர் சுமந்த சீமெந்தில்தான் நடந்தது.

கொழும்பில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் ஒரு வலப்பனைக்காரர். ஒரு நாள் காலை கிரேன் தூக்கிய கம்பிக் கட்டு பாதி உயரத்தில் சரிந்து விழுந்தது. இரண்டு பெல்ட் போட்டுக் கட்ட வேண்டியதை அவசரத்தில் ஒரே பெல்ட்டில் கட்டியிருந்தார்கள். கீழே அந்த நண்பர் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார். உடலை ஊருக்குக் கொண்டு போனவர் அண்ணன்தான். நண்பரின் அம்மா அண்ணனின் சட்டையைப் பிடித்து, "கீழ நின்ன எம்புள்ளய அங்கிட்டுப் போன்னு சொல்ல அங்க ஒரு ஆளு இல்லையாப்பா?" என்று கேட்டாராம். அதை அண்ணன் அப்பாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு அவர் சிக்னல்மேன் வேலை பழகினார். கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. பாரத்தை எப்படிக் கட்டுவது, எப்போது தூக்குவது, எங்கே நிறுத்துவது என்று கையால் காட்டுபவர்தான் சிக்னல்மேன். அவர் கையை மூடினால், பெரிய துரையே பக்கத்தில் நின்று கத்தினாலும் கிரேன் நிற்க வேண்டும். அண்ணன் சிங்களத்திலும் வெளுத்து வாங்குவார். ஹெல்மட் போடாதவர்களுக்கு இரண்டு மொழியிலும் அர்ச்சனை கிடைக்கும். வேலைத்தளத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் "நகரு அண்ணன்".

வீட்டிலும் அதே ஆள்தான். மகளின் கல்யாணத்தன்று சாப்பாட்டு வேன் பின்னோக்கி வந்தது. வாசலில் சம்பந்தி கும்பிட்ட கையோடு காத்திருக்க, இவர் பட்டு வேட்டியுடன் நடுத்தெருவில் நின்று வேனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, இது சைட்டு இல்ல, கல்யாண வீடு" என்றேன். "வேனுக்கு அது தெரியுமா?" என்றார்.

இனி அந்தச் சண்டை. கொழும்பை விட்டு வந்து, நுவரெலியாவில் ஹோட்டல் கட்டும் இடத்தில் அண்ணன் வேலை பார்த்த காலம் அது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மணிக்கூண்டு கட்டி, பெரிய வெண்கல மணி வாங்கினோம். ஆள் சேர்ந்து தூக்க முடியாத கனம். அண்ணன்தான் தமக்குப் பழக்கமான சிங்கள ஓட்டுநர் ஒருவரைக் கிரேனோடு அழைத்து வந்தார். முதல் நாளே சுற்றிக் கயிறு கட்டினார். கயிற்றுக்கு உள்ளே யாரும் வரக்கூடாது என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னார். சொல்லி என்ன பயன்? ஆத்தாளின் மணி மேலே போகும் முன் தொட்டுக் கும்பிடாமல் எங்கள் ஆட்கள் இருப்பார்களா? மணி தலை உயரத்துக்கு எழும்பியதும் கயிற்றைத் தூக்கிவிட்டு மொத்தத் தோட்டமும் உள்ளே புகுந்துவிட்டது. பெண்கள் மணியில் பூ வைத்தார்கள், பிள்ளைகளைத் தூக்கித் தொட வைத்தார்கள். நட்ட நடுவில், இடுப்பில் சின்ன மகளோடு நின்றவள் நான்.

அண்ணன் கையை மூடினார். மணி அந்தரத்தில் நின்றது.

"எல்லாரும் கயித்துக்கு அங்கிட்டுப் போங்க!"

கோயில் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்னப்பா நீ, நல்ல நேரம் முடியப் போகுது. ஏத்து."

"நேரத்த ஐயரு திரும்பக் குறிச்சுக் குடுப்பாருங்க. ஆள யாருங்க திரும்பக் குடுக்கிறது?"

"ஆத்தா மணி அவ புள்ளைங்க மேலயா விழும்?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"மணி ஆத்தாளோடதுதான். பெல்ட்டு கடையில வாங்கினது."

சிலர் சிரித்தார்கள். ஒருவரும் நகரவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பினார். "செல்வி! டீச்சருன்னு பேரு, அறிவிருக்கா ஒனக்கு? புள்ளயத் தூக்கிட்டு வெளிய போடி!"

ஊர் முன்னால், நான் படிப்பிக்கும் பிள்ளைகள் முன்னால் அப்படிக் கத்தினார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று கயிற்றைத் தாண்டிப் போனேன். டீச்சரே போய்விட்டதால் மற்றவர்களும் முணுமுணுத்தபடி பின்னால் வந்தார்கள். அண்ணன் மணியை மெல்லத் தரையில் இறக்க வைத்தார். பிறகு கிரேன் நிலத்தில் ஊன்றியிருந்த கால்களுக்கு அடியில் பழைய ரயில் சிலிப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்க வைத்தார். மனிதர் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்றுதான் நினைத்தோம். நல்ல நேரம் போய் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு மணி மேலே ஏறியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஒன்றும் நடக்காததுதான் அண்ணனுக்கு வினையாகிப் போனது. "பாத்தியா, என்ன ஆச்சு? நேரத்தக் கெடுத்ததுதான் மிச்சம்" என்றார்கள். அந்த வருடம் மலையில் மண் சரிந்ததற்கும் அண்ணன்தான் காரணம், யாரோ ஒருவர் வீட்டு மாடு செத்ததற்கும் அண்ணன்தான் காரணம். கும்பாபிஷேகத்தன்று அவருக்குக் கட்டுவதாக இருந்த பரிவட்டம் இன்னொருவர் தலைக்குப் போனது. அவர் ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். நானும் ஏழு மாதம் அவரோடு பேசவில்லை. தீபாவளிக்கு அவர் கொடுத்தனுப்பிய சேலையைத் திருப்பி அனுப்பினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. பிறகு அண்ணியின் புண்ணியத்தில் பேச்சுவார்த்தை வந்தது. அந்த மணியைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை.

சென்ற வருடம் நெஞ்சு நோவோடு அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அந்தக் கிரேன் ஓட்டுநர் அவரைப் பார்க்க வந்தார். வெளி விறாந்தையில் நின்று, தெரிந்த தமிழில் என்னிடம் சொன்னார்.

"அக்கா, அன்னைக்கி கோயில்ல கிரேன் கால் ஒண்ணு மண்ணுக்குள்ள எறங்கினது. மழை பெஞ்ச மண் தானே. நான் மணி பாத்தது, கால் பாக்க இல்ல. அண்ணன்தான் பாத்தது. இன்னும் கொஞ்சம் எறங்கினா கிரேன் சாயும், அக்கா."

அந்த மணிக்கு நேர் கீழேதானே பிள்ளையோடு நின்றேன்! உள்ளே போய் அண்ணனிடம் பாய்ந்தேன். நோயாளி என்றும் பார்க்கவில்லை.

"ஏண்ணே சொல்லல? இத்தன வருசமா ஊர் வாயில விழுந்துகிட்டு இருந்தீங்களே!"

"அந்த நேரம் சொல்லியிருந்தா மெரண்டு ஓடிப் பள்ளத்துல விழுந்திருப்பீங்க."

"அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

அண்ணன் மூச்சு வாங்கினார். "கால் எறங்கினதாலதான் நகரச் சொன்னேன்னு சொன்னா, அடுத்த தடவ கால் எறங்கலன்னு கீழயே நிப்பீங்க. எறங்கினாலும் எறங்காட்டியும் பாரத்துக்குக் கீழ நிக்கக்கூடாது புள்ள. அவ்வளவுதான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அழாத, பக்கத்துக் கட்டில்ல ஆளு தூங்குறாரு" என்றார். மூன்றாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

அண்ணன் கை காட்டிய இடங்களில் ஒரு தொழிலாளிகூட பாரத்தின் கீழே அகப்பட்டுச் சாகவில்லை. அவரோடு வேலை செய்தவர்கள் சுடலையில் வைத்து அப்பாவிடம் இதைச் சொன்னார்கள். இறந்தவர்களின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும், சாகாமல் வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தெரியாத ஆட்கள்தான் எங்கள் அண்ணன் சேர்த்த சொத்து. அவருடைய தங்கை என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

அண்ணனைப் பிள்ளை போலப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், வேலையை விட்டுவிட்டு நுவரெலியாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஓடிவந்த தோழர்களுக்கும், அந்த அடைமழையில் லயத்துப் படிகளில் கால் வழுக்காமல் அவரைச் சுமந்து வந்தவர்களுக்கும், கூப்பிடாமலே வந்து பந்தல் போட்டு, "மன்னிச்சிருப்பா" என்று அண்ணன் காலடியில் நின்று அழுத கோயில் தலைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று திட்டிக்கொண்டேயாவது கயிற்றுக்கு அந்தப் பக்கம் நகர்ந்த ஒவ்வொருவருக்கும் நன்றி.

என் கையெழுத்து அச்சகத்துக்குப் புரியாது என்று இந்தக் கட்டுரையைக் கணினியில் அடித்துத் தந்தவள், அன்று என் இடுப்பில் இருந்த மகள். அவள் இருக்கிறாள், அண்ணே.