ஓரகத்திக்குப் போன புரோட்டோகால்

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவளைக் கரண்டி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கோட்டுப் பையில் எந்நேரமும் ஒரு டீக்கரண்டி கிடக்கும். வயிற்றுப்போக்கோடு வரும் பிள்ளைகளுக்குப் புது மாத்திரை ஒன்று கேட்கிறதா என்று பார்க்கும் ஆய்வில் அவள்தான் மூத்த நர்ஸ். எந்த அடம்பிடிக்கும் பிள்ளையும் அவளிடம் வாயைத் திறந்துவிடும். இருந்து என்ன, வீட்டில் பேரெல்லாம் ஓரகத்திக்குத்தான்.

கொழுந்தன் பெண்டாட்டியும் நர்ஸ்தான், வேறொரு ஆஸ்பத்திரியில். அவள் வந்த நாளிலிருந்து மாமியாருக்கு வாய் திறந்தால் சின்னவள் புராணம். சின்னவள் வெந்நீர் வைத்தால்கூட அதில் ஒரு ருசி இருக்குமாம். மூத்தவளுக்கு வயிறு பற்றி எரியும்.

அதில் எண்ணெய் வார்த்தார் ஆய்வை நடத்தும் டாக்டர். இதே ஆய்வு சின்னவளின் ஆஸ்பத்திரியிலும் நடக்கப் போகிறது.

"நம்ம புரோட்டோகால அவங்களுக்குக் கொடுத்துடுங்க. ஆளுக்கொரு மாதிரி செஞ்சா முடிவு ஒண்ணோடொண்ணு ஒட்டாது."

யாரைச் சேர்ப்பது, எதை எப்போது எப்படிக் கொடுப்பது என்று சகலமும் சொல்லும் வழிமுறை அது. முதலில் எழுதியதில், பிள்ளை வந்ததும் மாத்திரை என்று இருந்தது. வெறும் வயிற்றில் விழுந்ததைப் பிள்ளைகள் அப்படியே கக்கின. உப்புச் சர்க்கரைக் கரைசல் உள்ளே போய் அரை மணி கழித்துக் கொடுத்தால் தங்கும் என்று, உடுப்பெல்லாம் வாந்தி வாங்கிக் கண்டுபிடித்தவள் கரண்டி அக்கா. அதன்பிறகே திருத்தி எழுதினார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இவள் நோகாமல் தட்டிக்கொண்டு போவதா? சின்னவளுக்குத் திருத்தாத பழைய புரோட்டோகாலைக் கொடுத்தாள்.

ஒரே வாரம்தான். சின்னவள் வாந்தி நாற்றத்தோடு வீடு வந்தாள். தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம், ஆய்வையே நிறுத்திவிடுவார்களாம். அன்று மூத்தவளுக்குச் சோறு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது. அந்தப் பிள்ளைகளின் நினைப்பு வராமல் இல்லை. வந்ததைத் தள்ளிவிட்டாள்.

மறுநாள் மாலை சின்னவள் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"உங்க டாக்டர்கிட்ட போன்ல பேசினேன்கா. அரை மணி கழிச்சுத்தானே மாத்திரைன்னு கேட்டாரு. நீங்க கொடுத்ததுல அது இல்லையே. தெரியாம மாறிப்போச்சா?"

ஆமாம் என்றால் அத்தோடு முடிந்தது. ஏனோ வாய் வரவில்லை.

"இல்ல. தெரிஞ்சுதான் கொடுத்தேன்."

சின்னவள் அவளையே பார்த்தாள். மாமியாரைக் கூப்பிடப் போகிறாள் என்று மூத்தவள் நினைத்தாள்.

"சரி. காலைல புதுசா பிள்ளைங்க வருது. எப்படிக் கொடுக்கணும்னு இப்பவே காட்டுங்க. டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நம்ம சண்டைய அப்புறம் போட்டுக்கலாம்."

மூத்தவள் டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். கரண்டியால் உப்பையும் சர்க்கரையையும் அளந்து போட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இவள் இடத்தில் தான் இருந்திருந்தால், முதலில் சண்டையைத்தான் போட்டிருப்பாள் என்று அவளுக்குத் தெரிந்தது. இப்போது எரிவதைப் பார்த்தால், இத்தனை நாள் எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லை.