புளி போட்டு விளக்கின கொக்கி

ஆயிரம் வருஷத்து அழுக்க அரை மணி நேரத்துல போக்குனவ நான். பெருமைக்குச் சொல்லல. அன்னைக்கு ஒருத்தர் விட்ட பெருமூச்சு இன்னும் காதுல நிக்குது.

சுங்காய் பக்கத்துல நாங்க பொறந்து வளந்த தோட்டம். கித்தா மரத்த, அதான் ரப்பர் மரத்த, அழிச்சு எண்ணெய்க்குச் செம்பனை போட்டாங்க. இப்ப செம்பனையையும் அழிச்சு வீடு கட்டப் போறாங்க. நாங்க ஈப்போ அடுக்குமாடிக்குப் போயி ரொம்ப நாளாச்சு, ஆனா அப்பா மட்டும் இன்னும் அங்கதான் இருக்காரு, ஆத்தோரத்து மேட்டுல. பொதைச்ச எடத்துல ஒரு கல்லு, ஒரு செம்பருத்திச் செடி, அவ்வளவுதான். நெலத்த வாங்குனவன்கிட்ட கேட்டா, "அந்தக் குழியெல்லாம் பிளான்ல இல்லையேம்மா"ங்குறான். செத்தவரு எழுந்து வந்து பிளான்ல கையெழுத்துப் போடல, அது அவரு தப்பு!

அதே மேட்டுல மண்ணள்ளுறப்ப பழைய பானை ஓடு கெடைச்சிருக்கு. பல்கலைக்கழகத்துலேருந்து தோண்டுற ஆளுங்க வந்துட்டாங்க. பெரியவரு ஒரு மலாய்க்காரப் பேராசிரியர். அவருகிட்ட படிக்கிற பொண்ணு நம்ம தமிழ்ப் பொண்ணு, தஞ்சோங் மாலிம்காரி. ரெண்டு வாரம்தான் அவங்களுக்கு. பெருசா ஏதாவது கெடைச்சா மேடு தப்பும், இல்லாட்டி புல்டோசர். கெடைச்சதக் கழுவ ஆள் வேணும்னாங்க. நான் முந்திக்கிட்டேன். அப்பாவுக்குக் காவல் இருக்க வேற வழி தெரியல.

பத்து நாளும் ஓடுதான். பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு, காய வச்சு, ஒவ்வொன்னுக்கும் நம்பர் போட்டு பையில போடுவாங்க. எங்க அப்பாவுக்குக் கெடைக்காத மரியாதை ஒடைஞ்ச சட்டிக்கு.

பதினோராம் நாள் குழியில இருந்து அந்தப் பொண்ணு கத்துனா. "அக்கா! பெல்ட் கொக்கிக்கா! அந்தக் காலத்துப் பெரிய மனுஷன் இடுப்புல கட்டுனது, ஆயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும்லா!"

உள்ளங்கை அகலத்துக்கு வெண்கலம், அப்பம் அப்பமா பச்சைக் களிம்பு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எங்க அப்பா ஆயுசுக்கும் பெல்ட் போட்டதில்ல. சைக்கிள் டியூப்ப அறுத்து இடுப்புல கட்டிக்கிட்டு ரப்பர்ப் பால் வெட்டப் போனவரு. டியூப்போடயேதான் பொதைச்சோம்.

பேராசிரியர் போன்ல லைன் தேடி மேட்டு உச்சிக்கு ஓடுனாரு. மறுநாள் மியூசியத்துப் பெரிய ஆளுங்க வர்றாங்களாம். அந்தப் பொண்ணு கொக்கி இருந்த தட்ட என் மேசையில வச்சுட்டு, "பத்திரமாப் பாத்துக்குங்கக்கா"ன்னு சாப்பிடப் போயிட்டா.

நான் பாத்தேன். பெரிய மனுஷங்க வர்றப்ப இந்தக் கோலத்துலயா காட்டுறது? பத்து வயசுலேருந்து தோட்டத்துக் கோயில் குத்துவிளக்க வெள்ளிக்கு வெள்ளி வெளக்குன கை இது. அன்னைக்கு வெள்ளிக்கிழமை வேற. மத்தியானக் கொழம்புக்கு வச்சிருந்த புளி, உப்பு, ஒரு கை தேங்கா நாரு. தேய் தேய்னு தேய்ச்சேன். ஐயோ, என்னா அழகு! ரெண்டு பறவை மூக்கோட மூக்கு வச்சு நிக்குது, சுத்தியும் கொடி. வாழையெலையில வச்சு, பழக்க தோஷம், ஒரு சந்தனப் பொட்டும் வச்சேன்.

அந்தப் பொண்ணு வந்து பாத்தா. அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. பின்னால வந்த பேராசிரியர் "அலாமாக்"ன்னாரு, நம்ம ஐயய்யோ மாதிரி. கொக்கியத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடியும் "அலாமாக்"ன்னாரு.

"அந்தப் பச்சையிலதான்க்கா துணியோட நூலு ஒட்டியிருந்துச்சு," அவ அழுதுக்கிட்டே சொன்னா. "அத வச்சுத்தான் பழசுன்னு காட்டணும். இப்ப நேத்து கடையில வாங்குனதுன்னு சொல்லிருவாங்க."

அவ சொன்னபடியே ஆச்சு. மறுநாள் வந்தவர்ல ஒருத்தர் பொட்டப் பாத்துட்டு, எந்தக் கடைன்னே கேட்டுட்டாரு. அப்பா மேல புல்டோசர ஏத்துனது நான்தான்னு ஆயிருச்சு. அழுகையும் ஆத்திரமும் ஒன்னா வந்துச்சு.

"நூலு எங்க போயிரும்?" நான் கத்துனேன். "நாருலதான ஒட்டியிருக்கும்! தேய்ச்ச தண்ணியக்கூட இன்னும் ஊத்தல!"

பேராசிரியர் என்னப் பாத்தாரு, பேசின்ல கெடந்த நாரப் பாத்தாரு. அடுத்த நிமிஷம் என் தேங்கா நாருக்கு ஒரு நம்பர், ஒரு பை. புளித்தண்ணிக்கு ஒரு நம்பர், ஒரு பாட்டில்.

மூணு நாள் பூதக்கண்ணாடி வச்சு உக்காந்தோம். அவ இடுக்கியால ஒவ்வொரு இழையா எடுத்துக் காட்டுவா. "இது தேங்கா," நான் சொல்லுவேன். "இதுவும் தேங்கா. இதுவும்." மூணாம் நாள் மத்தியானம், "இது தேங்கா இல்ல தாயி." முறுக்கேறின நூலு, நகக்கண் நீளம், மேல பச்சை படிஞ்சு. இன்னும் நாலு கெடைச்சுச்சு. மியூசியத்துக்காரங்களுக்கு அது போதுமா இருந்துச்சு.

மேடு தப்பிச்சுருச்சு. இப்ப சுத்தி வேலி. அப்பா கல்லும் வேலிக்குள்ள வந்ததால அதுக்கும் ஒரு நம்பர் அட்டை கட்டணுமாம். அந்தப் பொண்ணு அப்பா பேரக் கேட்டு எழுதிக்கிட்டா. கல்லுல பாசி படிஞ்சு கெடந்துச்சு. கொஞ்சம் தேய்ச்சு விடலாமேன்னு என் கை தன்னால போச்சு. அவ என்னப் பாத்தா. கையப் பின்னாடி கட்டிக்கிட்டேன்.

அந்த சைக்கிள் டியூப்பும் உள்ளதான் இருக்கு. என்னைக்காவது யாராவது எடுத்தா, தயவுசெஞ்சு கழுவிராதீங்க. எங்க அப்பா வேர்வை அதுலதான் இருக்கு.