எட்டாவது ஓட்டை

ஆவுடையார்கோவிலின் கல் கூரை விளிம்பான கொடுங்கையில் ஒரு ஓட்டையைக் காட்டி, அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் எவனோ சுட்டுப் பார்த்தது என்பார்கள். அந்த ஓட்டைக்குள், ஓரம் துளியும் பெயராமல், கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே இன்னொரு குண்டைச் செருகக்கூடிய ஒரே மனிதர் ரெங்கசாமி. வழியில் பஸ் குறுக்கே வந்தால் அவர் குண்டு ஏறி, டிக்கெட் வாங்கி, மறுபக்கம் இறங்கிப் போகும்.

இப்படியெல்லாம் ஊரில் அளந்து திரிந்தது அவருடைய மகள் வைஷ்ணவி. பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எதிர்வீட்டுக் கிடாயின் விலாவில் குறிவட்டம் வரைந்து ஊர் முழுக்க ஓடவிட்டவள். இதை எழுதுகிறவளும் அவளே. அதனால் அவளைப் பற்றி இதற்குமேல் கெட்டதாக எதுவும் வராது.

உண்மை வேறு. மோட்டார் காயில் கட்டிப் பிழைக்கும் ரெங்கசாமியால், போன ஆடியிலிருந்து சட்டைப் பித்தானையே சரியான ஓட்டையில் செருக முடியவில்லை. விழித்திரை கெட்டு வலது கண்ணின் நடுவில் இருட்டு விழுந்துவிட்டது. சுற்றியிருப்பது தெரியும், பார்க்க வேண்டியது மட்டும் தெரியாது. இடது கண்ணும் அதே பாதையில்தான் போகிறது, ஊசி போட்டுப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு காலத்தில் அவரிடம் மூன்று ரைஃபிள்கள் இருந்தன. எல்லாம் பட்டாளத்துத் துப்பாக்கியின் சாயலில் குறிபார்த்துப் பழகுவதற்கென்று செய்தவை. உரிமம் வாங்கி, கிளப்பில் சேர்ந்து, ஏலத்திலும் பழைய பெரிய வீடுகளிலும் தேடிப் பிடித்தவை. ஒரு குருவியைக்கூட அவர் சுட்டதில்லை. காகித அட்டைதான் அவருக்குப் பரம எதிரி. ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று சட்டம் வந்தபோது ஒன்று போயிற்று. வலது கண் போனதும் இன்னொன்றைத் திருச்சிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அதில் தோட்டா ஏற்ற இழுக்கும் கைப்பிடி வலப்பக்கம். இடது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு ஆகாது.

மிஞ்சியது மார்ட்டினி என்கிற சீமை ரைஃபிள். நூறு வயதுக் கிழம். அதன் லீவர் அடியில், நட்டநடுவில் இருக்கிறது. கீழே தள்ளினால் வாய் திறக்கும். ஒரே ஒரு தோட்டா வைக்கலாம். மேலே இழுத்தால் மூடிக்கொள்ளும். இடக்கை, வலக்கை என்று அது சாதி பார்க்காது.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற முகத்தோடு கொண்டுபோய் விடுவார். திரும்பி வந்ததும் பகல் முழுக்க எண்ணெய் போட்டுத் துடைப்பார்.

“என்னய என்னைக்காவது இப்புடித் தொடச்சிருக்கீங்களா?” என்பாள் அவர் மனைவி சொர்ணவல்லி.

“நீ துருப்புடிக்கலயே.”

இந்த வருடம் உரிமத்தைப் புதுப்பிக்கக் கிளப்பின் சான்றிதழ் வேண்டும். அதற்குக் கிளப்பில் ஒரு பரீட்சை: பத்துக் குண்டில் எட்டு கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். தவறினால் மார்ட்டினி கிளப் கிடங்கிலேயே தங்கிவிடும். தோட்டா இல்லாத துப்பாக்கியை இடது தோளில் ஏந்திப் பட்டறைச் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துப் பழகினார். முழங்கை தோலுரிந்தது. வட்டம் வட்டமாக நிற்கவில்லை. தண்ணீரில் விழுந்த மைபோலக் கலைந்து கலைந்து போயிற்று.

“போனா போகுதுன்னு விடுங்க. இருக்குற பார்வ நின்னா போதும்,” என்றாள் சொர்ணவல்லி.

“மத்த நேரமெல்லாம் செவுத்தத் தடவிக்கிட்டுத்தான் நடக்குறேன். அதப் புடிச்சுப் படுத்தா மட்டுந்தான் குருடாகப் போறம்ங்கறது மறந்துபோகுது. அதயும் புடுங்கிட்டா நான் எங்கிட்டு வல்லி போவேன்?”

சொர்ணவல்லி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் நின்ற வைஷ்ணவி, அன்றைக்கு யார் வீட்டுக் கிடாயையும் தொந்தரவு செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பரீட்சை. கிளப் செயலாளர் அறிவுமதி மேடம் பக்கத்தில் நின்றார். ரெங்கசாமி ஒவ்வொரு குண்டுக்கும் மூச்சை அடக்கினார், கண்ணில் நீர் கோத்தது, துடைத்தார், மறுபடி அடக்கினார். வைஷ்ணவி பின்னால் நின்று குண்டுகளை எண்ணினாள்.

சுட்டு முடித்ததும் கயிற்றை இழுத்தால் அட்டை ஓடி வரவேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கயிறு சிக்கிக்கொண்டது. துப்பாக்கியின் வாயைத் திறந்து கீழே வைக்கச் சொல்லி, அறிவுமதி சிவப்புக் கொடியை ஏற்றினார்.

“பாப்பா, ஓடிப்போய் எடுத்துட்டு வா.”

வைஷ்ணவி ஓடினாள். கறுப்புக்குள் ஏழு. வெளியே ஒன்று. மிச்சம் இரண்டும் அட்டையிலேயே இல்லை, மண்மேட்டுக்குள் போயிருந்தன. முதுகைத் திருப்பிக்கொண்டு, பையிலிருந்த கண்மைப் பென்சிலை எடுத்தாள். கறுப்புக்குள் ஒரு குத்து. குண்டு போன ஓட்டையின் விளிம்பில் கறை இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். எனவே பென்சிலை ஒரு சுற்றுச் சுற்றினாள். பள்ளிக்கூடத்தில் எந்த வேலையும் அவள் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

“எட்டு! பாஸ் அண்ணே,” என்று அறிவுமதி சிரித்தார். “கையெழுத்துப் போடுங்க.”

ரெங்கசாமியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்காக வைஷ்ணவி இன்னும் நூறு அட்டையைக் குத்தியிருப்பாள்.

கண் மங்கியதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம்: கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு ஓட்டையையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். அன்றும் தடவினார். ஒரு ஓட்டையில் விரல் வழுக்கியது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு, மிச்சமிருந்த கண்ணால் மகளைப் பார்த்தார். அவள் தென்னை உச்சியில் காக்கா எண்ணிக்கொண்டிருந்தாள்.

“மேடம், ஏழுன்னு எழுதுங்க.”

அறிவுமதி அட்டையைப் பார்த்தார், அவருடைய விரலைப் பார்த்தார், வைஷ்ணவியையும் பார்த்தார். “நான் எண்ணிட்டேன் அண்ணே. எட்டுதான்.”

“ஒங்களுக்கு நல்ல மனசு. ஆனா கண்ணுதான் என் கண்ணு மாதிரி ஆயிப்போச்சு. நான் சுட்டது ஏழுதான்.”

வாய் திறந்து கிடந்த மார்ட்டினியை எடுத்து, உள்ளே தோட்டா இல்லையென்று சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். தோள் துண்டால் ஒருமுறை துடைத்தார். இன்னொரு முறையும் துடைத்தார். அறிவுமதி கை நீட்டிக் காத்திருந்தார். கொடுத்த பிறகும் ரெங்கசாமியின் கைகள் அதே அகலத்தில், வெறும் காற்றை ஏந்தியபடி கொஞ்ச நேரம் நின்றன.

வாசலுக்கு வந்ததும் அவர் மகளின் முகத்தைத் தடவிக் கன்னத்தைக் கண்டுபிடித்து, கட்டைவிரலில் மிச்சமிருந்த மையை அங்கே அழுத்தி வைத்தார்.

“ஏன் ஆத்தா,” என்றார், “அந்த ஆவுடையார்கோவில் ஓட்டையும் ஒன் கைவேலதானா?”