நடுவில் சுவர் இல்லாத கார்

மாமாவின் பழைய ஆஸ்டின் காரில் முன் இருக்கை கட்டில் மாதிரி ஒரே நீளமாக இருக்கும். கியர்கூட ஸ்டீயரிங் பக்கத்திலேயேதான். அந்தக் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் காரில் ஏறினால் பின்னால்தான் உட்காருவார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்த மாமா, கல்யாணமான மறுவாரமே அத்தையை முன்னால் தன் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயமே வாசலுக்கு வந்து பார்த்ததாம். "என்னா கிராணி, கியரு போட எடம் இருக்கா?" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்டதற்கு, "கியரே அவதான்லா" என்றாராம். மாமா இதைச் சொல்லும்போதெல்லாம் அத்தை "வாய மூடுங்க" என்பார்; முகம் மட்டும் சிரிக்கும்.

சென்ற ஆண்டு அத்தைக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டியதாயிற்று. மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது. பழைய காரில் ஏர்கோன் கிடையாது. வெயிலில் அத்தைக்கு மூச்சு வாங்கும். ஆகவே என்னுடைய புதிய எஸ்யூவியில் அழைத்துப்போனேன். உயரமான வண்டி, செம்மண் சாலைப் பள்ளமெல்லாம் தெரியவே தெரியாது. காலை மடக்க முடியாத மாமா முன்னால். அத்தை பின்னால், தலையணையோடு. நன்றாகத்தான் யோசித்திருக்கிறேன் என்று எனக்கு நினைப்பு.

இரண்டாவது வாரம் அத்தை வரமாட்டேன் என்றுவிட்டார். போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று தாதி எச்சரித்திருந்தார். ஊசி வலிக்குப் பயமாக்கும் என்று நினைத்து நான் கெஞ்சினேன், அதட்டியும் பார்த்தேன்.

"ஊசி என்னப்பா ஊசி. அரிசி மூட்டையாட்டம் என்னைப் பின்னால போட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் முன்னால பேசிக்கிட்டு வர்றீங்க. அங்க நாலு மணி நேரம் தனியாத்தான் படுத்துக் கெடக்கறேன். வழியிலயுமா?"

முன்னால் மாமா இடத்தில் உட்காருங்கள் என்றேன். "ஒன் பக்கத்துலயா? நடுவுல வேற சுவரு கட்டி வச்சிருக்கான்!" என்று கியர்ப் பெட்டியைக் காட்டினார்.

"பின்னால உக்காந்தா நான் சரக்குலா" என்று சொல்லி, எந்தக் காரிலும் பின் இருக்கையில் ஏறாத மனிதர் மாமா. அன்று பின் கதவைத் திறந்து ஏறினார். மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். நடுவிலிருந்த கைதாங்கியை மேலே தள்ளிவிட்டு, "வா, சரக்கோட சரக்கா போலாம்" என்றார்.

அத்தை ஏறிக்கொண்டார். அன்று நான் உள்கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு, பக்கக் கண்ணாடிகளை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

மாமா போய்ச்சேர்ந்து மூன்று மாதமாகிறது. அத்தை ஒருநாள்கூடத் தவறவிடாமல் வருகிறார், பின்னால் ஓரமாக உட்கார்ந்து. வண்டியைக் கழுவும்போது நான் மறந்துபோய்க் கைதாங்கியைக் கீழே இறக்கியிருந்தால், மேலே தள்ளிவிட்ட பிறகுதான், "ம், வண்டிய எடுப்பா" என்கிறார்.